டேப்லட் யாருக்குக் காது கொடுக்கிறது? ஐபேடில் பாட்காஸ்ட் பதிவு: கோளாறு வாரியாகத் தீர்வு

போன வருஷம் பெரியம்மாவை உட்கார வைத்து 52 நிமிடம் பேசவிட்டுப் பதிந்தேன். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அன்று பேச்சும் அருமையாக வந்தது. வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டால், டபராவில் டம்ளர் வைக்கும் சத்தம் இடி மாதிரி விழுகிறது. பெரியம்மாவோ பக்கத்து அறையிலிருந்து பேசுகிறார். அவர் வாய்க்கு நாலு விரல் தள்ளி நிறுத்தியிருந்த மைக் வெறும் அலங்காரமாக நின்றிருக்கிறது. மேசைமேல் படுத்துக் கிடந்த ஐபேட், தன் உள் மைக்கிலேயே எல்லாவற்றையும் கேட்டு முடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு என்னிடம் "ரெக்கார்டிங் சரியில்லை" என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: டேப்லட் யாருக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது? பாதிக்கு மேற்பட்ட தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். கணினியில் எந்த மைக் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். டேப்லட்டில் நெடுங்காலம் அந்த வசதி இல்லை. கடைசியாக எதைச் செருகினோமோ அதை எடுத்துக்கொள்ளும், அதுவும் தனக்குப் புரிந்தால். புரியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் உள் மைக்குக்குப் போய்விடும்.

ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் நகச் சோதனை. பதிவுச் செயலியைத் திறந்து, ரெக்கார்டை அழுத்தி, மைக்கின் வலைத் தலையை நகத்தால் இரண்டு முறை சுரண்டுங்கள். பிறகு டேப்லட்டின் விளிம்பை அதே மாதிரி சுரண்டுங்கள். எதற்குத் திரையில் ஒலி அளவு காட்டும் மீட்டர் துள்ளுகிறதோ அதுதான் கேட்கிறது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்ப்பது இதற்கு உதவாது. இரண்டு மைக்குக்கும் உங்கள் குரல் எட்டும், மீட்டரும் ஆடத்தான் செய்யும். நான் ஏமாந்தது அப்படித்தான்.

நான் புழங்குவது ஐபேட் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு டேப்லட்டில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

நகச் சோதனையில் டேப்லட்டின் விளிம்புதான் துள்ளியது என்றால் வெளி மைக் ஏற்கப்படவில்லை. காரணம் மைக்கின் வகையைப் பொறுத்தது.

யூஎஸ்பி மைக் என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். மைக்கில் விளக்கு எரிவதால் இணைப்பு சரி என்று எண்ண வேண்டாம். விளக்குக்குத் தேவை மின்சாரம் மட்டும். குரல் போவது வேறு கம்பிகளில். மலிவான சார்ஜிங் கேபிள்கள் சிலவற்றில் அந்த டேட்டா கம்பிகளே இருக்காது. என் மேசை இழுப்பறையில் பார்வைக்கு ஒரே மாதிரி நான்கு கேபிள்கள் உண்டு, அவற்றில் இரண்டு இந்த ரகம். சோதிக்க எளிய வழி, அந்தக் கேபிளில் போனையும் கணினியையும் இணைத்துப் படங்களை நகலெடுத்துப் பார்ப்பது. நகலானால் நல்ல கேபிள். ஆகாவிட்டால் அதில் சிவப்பு நூல் கட்டிவையுங்கள்.

அடுத்து டேப்லட்டின் உறை. தடித்த ரப்பர் உறை போட்டிருந்தால் பிளக் முழுதாக உள்ளே இறங்காது. சார்ஜ் ஏறும் அளவுக்குத் தொட்டுக்கொண்டிருக்கும், டேட்டா போகாது. உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

சட்டையில் குத்தும் காலர் மைக் என்றால் பிளக்கில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் போன், டேப்லட்டுக்கானது. இரண்டுதான் என்றால் அது கேமராவுக்கானது. டேப்லட் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு, சத்தத்தை அதற்குள் அனுப்பிவிட்டு, கேட்பதற்கு உள் மைக்கைப் பயன்படுத்தும். இரண்டு வளையத்தை மூன்றாக்கும் சின்ன அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. நம் ஊரில் பலரும் வாங்கும் போயா பிஒய்-எம்1 மைக்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கம்பி நடுவே இருக்கும் சிறு பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கும். போன், டேப்லட் என்றால் அதை ஸ்மார்ட்போன் பக்கம் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி கேமராவுக்கு மட்டும்தான். சுவிட்ச் மாறி இருந்தால் குரல் கேட்காது, அல்லது மெலிந்து கேட்கும்.

சரி, ஹெட்போன் துளையே இல்லாத ஐபேட் என்றால்? அடிப்படை ஐபேடில் அந்தத் துளை கடைசியாக இருந்தது 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில்தான். புரோவில் 2018லேயே போயிற்று. அவற்றில் யூஎஸ்பி-சியிலிருந்து 3.5 மிமீக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சில ஆண்ட்ராய்டு போன்களோடு வரும் அடாப்டருக்குள் வெறும் கம்பிதான் இருக்கும். குரலை எண்ணாகவும் எண்ணைச் சத்தமாகவும் மாற்றும் சில்லு போனுக்குள்ளேயே இருப்பதால் அங்கே அது போதும். ஐபேடில் அந்த வழி கிடையாது, சில்லு அடாப்டருக்குள் இருந்தாக வேண்டும். ஆப்பிளின் சொந்த அடாப்டரில் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் அடாப்டர் வாங்கினால் பெட்டியில் டிஏசி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மைக்கையும் ஏற்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். சிலவற்றில் பாட்டு கேட்க மட்டுமே முடியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் உள் மைக்கே பேசுகிறது என்றால் செருகும் வரிசையை மாற்றுங்கள். செயலியை முழுதாக மூடி, மைக்கைச் செருகி, அதன் பிறகு செயலியைத் திறக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26 போட்டிருந்தால் இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. கன்ட்ரோல் சென்டரை இறக்கினால், மைக்கைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் செயலிக்கு எந்த மைக் என்று அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக. இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பதை நினைத்தால் நன்றி சொல்லக்கூட மனம் வரவில்லை.

"அதிக மின்சாரம் தேவை" என்று சொல்லி மைக்கை ஏற்க மறுக்கிறது

லைட்னிங் துளை உள்ள பழைய ஐபேடில் வரும் செய்தி இது. அந்தத் துளையால் யூஎஸ்பி மைக்குக்குப் போதிய மின்சாரம் கொடுக்க முடியாது. ஆப்பிளின் லைட்னிங் - யூஎஸ்பி 3 கேமரா அடாப்டரில் பக்கவாட்டில் ஒரு சார்ஜிங் துளை இருக்கும். அதில் சார்ஜரைச் செருகிவிட்டால் செய்தி போய்விடும். அதே வேலைக்கு வரும் சின்ன, ஒற்றைத் துளை அடாப்டரை வாங்கினால் வழி இல்லை. மின்சாரத்தைத் தனியாகத் தரும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போட வேண்டியிருக்கும். கேமரா அடாப்டர் என்ற பெயரைப் பார்த்து "எனக்கெதற்குக் கேமரா" என்று கடையிலிருந்து திரும்பி வந்த நண்பர் ஒருவர் உண்டு. பெயர் அப்படித்தான், மைக்குக்கும் அதுதான்.

மீட்டர் அசையவே இல்லை

எதைச் சுரண்டினாலும் கோடு நேராகவே ஓடுகிறதா? செயலிக்கு மைக் அனுமதி இல்லை. முதல்முறை திறக்கும்போது கேட்ட கேள்விக்கு அவசரத்தில் "வேண்டாம்" அழுத்தியிருப்பீர்கள். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் என்று போய் அந்தச் செயலிக்கு எதிரே உள்ள சுவிட்சைத் திறந்துவிடுங்கள். மைக் வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் ஆரஞ்சு நிறப் புள்ளி எரியும்.

புள்ளி எரிகிறது, ஆனால் மீட்டர் செத்துக் கிடக்கிறது என்றால் மைக்கிலேயே உள்ள மியூட் பொத்தானைப் பாருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை டேப்லட்டோடு இணைக்கும் தனிப் பெட்டி) வழியாகக் கன்டென்சர் மைக் (தனி மின்சாரம் கேட்கும் ரகம்) போட்டிருந்தால், அந்த மின்சாரத்தைத் தரும் 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறந்திருப்பீர்கள். மேடையில் கையில் பிடித்துப் பேசும் ரகமான டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை.

மைக்கைச் செருகியதும் ஐபேட் ஊமையாகிவிட்டது

இது கோளாறே அல்ல. ஹெட்போன் துளை உள்ள யூஎஸ்பி மைக்கை டேப்லட் ஒரு மைக்காக மட்டும் பார்ப்பதில்லை, ஒரு ஸ்பீக்கராகவும் பார்க்கிறது. சத்தம் முழுவதும் அந்தத் துளைக்குப் போய்விடும். ஹெட்போனை ஐபேடில் செருகாமல் மைக்கில் செருகுங்கள்.

அப்படிச் செருகியபின் உங்கள் குரலே இரண்டு தடவை, எதிரொலிபோல் கேட்டால், மைக்கும் செயலியும் இரண்டுமே உங்களுக்குக் குரலைத் திருப்பி அனுப்புகின்றன. செயலியில் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள். மைக் தருவது தாமதமில்லாமல் வரும், அது போதும்.

பதிவு 16 வினாடியில் நின்றுவிடுகிறது

கராஜ்பேண்ட்! இதைத் தொலைபேசியில் யார் சொன்னாலும் "கராஜ்பேண்டா?" என்று கேட்டுவிடுவேன், தவறியதில்லை.

அந்தச் செயலி பாட்டுப் போடுகிறவர்களுக்காகச் செய்தது. புதிதாக ஒன்றைத் திறந்தால் எட்டு தாளவட்டம் நீளமுள்ள ஒரு துண்டைத்தான் வைத்துக்கொண்டு காத்திருக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு, வட்டத்துக்கு நான்கு தட்டு என்றால் எட்டு வட்டம் சரியாக 16 வினாடி. அது முடிந்ததும் நின்றுவிடும், அல்லது தொடக்கத்துக்குத் திரும்பி ஓடும். ட்ராக் காட்சியில் மேலே அளவுகோலின் வலது கோடியில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, செக்‌ஷன் ஏ என்பதற்குள் போய், ஆட்டோமேட்டிக்கைத் திறந்துவிடுங்கள். அப்புறம் நீங்கள் பேசும் வரை நீளும். அதோடு மேல் பட்டையில் உள்ள மெட்ரோனோம் குறியையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேசும்போது காதில் டக் டக் என்று தாளம் தட்டிக்கொண்டிருக்கும். ஹெட்போன் இல்லாமல் பதிந்தால் அது பதிவிலும் ஏறிவிடும்.

என்னைக் கேட்டால் ஒருவர் மட்டும் பேசும் பதிவுக்கு வாய்ஸ் மெமோஸே போதும். செட்டிங்ஸில் அதன் ஆடியோ குவாலிட்டியை லாஸ்லெஸ் என்று மாற்றிவிட்டால் சரி. வெட்டி ஒட்ட ஃபெரைட் என்ற செயலி. இது பேச்சுக்கென்றே செய்தது, தாளமும் வட்டமும் இல்லாதது.

போனில் பேசுவதுபோல் சப்பையாக இருக்கிறது

ப்ளூடூத் இயர்போனோடு பதிந்திருக்கிறீர்கள். பாட்டு மட்டும் கேட்கும்போது ப்ளூடூத் ஒருவழிச் சாலை, முழு அகலமும் உங்களுக்கு. மைக்கையும் பயன்படுத்தத் தொடங்கியதும் அது அழைப்பு வழிக்கு மாறிவிடும். அங்கே குரல் பெரும்பாலும் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்குகிறது. நல்ல பதிவில் 44,100 அல்லது 48,000. இழந்ததை எந்த எடிட்டிங்கும் மீட்டுத் தராது. கம்பி உள்ள சாதாரண ஹெட்போன் போதும், பழைய போனோடு வந்ததுகூட.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

இரண்டு மைக் துளை உள்ள இன்டர்ஃபேஸில் முதல் துளையில் மட்டும் மைக் போட்டு ஸ்டீரியோவாகப் பதிந்தால், குரல் இடது காதோடு நின்றுவிடும். பதிவு கெடவில்லை. எடிட் செய்யும்போது மோனோவாக மாற்றினால் இரண்டு காதுக்கும் வந்துவிடும். அடுத்த முறை மோனோ என்று வைத்தே பதியுங்கள்.

இரண்டு பேர் பேசும்போது இதே குணத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஒருவர் முதல் துளை, இன்னொருவர் இரண்டாம் துளை. ஸ்டீரியோவாகப் பதிந்து, பிறகு இடதையும் வலதையும் தனித்தனி ட்ராக்காகப் பிரித்தால் ஒருவர் இருமும்போது மற்றவரைத் தொடாமல் வெட்ட முடியும். ஹப் வாங்கி இரண்டு யூஎஸ்பி மைக்கைச் செருகிப் பார்க்காதீர்கள். ஐபேட் ஒரு நேரத்தில் ஒரு ஆடியோ கருவியைத்தான் ஏற்கும். இன்னொருவர் சும்மா பேசிக்கொண்டிருப்பார். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்ற மைக்குகளில் யூஎஸ்பியோடு, இன்டர்ஃபேஸில் செருகுவதற்கான எக்ஸ்எல்ஆர் இணைப்பும் உண்டு. முதலில் அதுபோல ஒன்று வாங்கி யூஎஸ்பியில் ஓட்டிவிட்டு, இரண்டாவது ஆள் வரும்போது இன்டர்ஃபேஸ் வாங்கிக்கொள்ளலாம்.

உர்ர்ர் என்று அடியில் ஒரு சத்தம்

இதில் மூன்று வகை உண்டு, காதால் பிரிக்கலாம்.

ஒரே சுருதியில் விடாமல் தம்புரா மாதிரி ஒலித்தால் அது மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும் குரலுக்கு அடியில் ஒலிக்கும். ஐபேட் சார்ஜர் இரண்டு முனைப் பிளக், எர்த் இல்லை. சார்ஜ் ஏறும்போது உலோக முதுகைத் தடவினால் விரலில் லேசாகச் சுரசுரப்பு தெரியுமே, அதே கசிவுதான் மைக் கம்பி வழியாகப் பதிவுக்குள் போகிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சார்ஜை முன்கூட்டியே நிரப்பி, பதியும்போது பேட்டரியில் ஓட்டுவதுதான் வழி. மின்கம்பி இல்லாமல் பதிய முடிவதுதான் டேப்லட்டின் பெரிய சௌகரியமே. மேசைக் கணினிக்காரர் இந்த உர்ருக்கு எர்த் சரிபார்க்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

உர் என்பது ஏறி இறங்கி, அலை அலையாக வந்தால் ஃபேன். கோடையில் ஃபேனை நிறுத்தச் சொல்வது விருந்தாளிக்குச் செய்யும் துரோகம், தெரியும். டைனமிக் மைக் போட்டு, வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்து, கெயினை, அதாவது மைக்கின் குரலை எவ்வளவு பெருக்குகிறோம் என்ற அளவை, குறைத்தால் ஃபேன் பின்னுக்குப் போய்விடும். மைக்கின் முதுகு ஃபேனைப் பார்த்திருக்கட்டும். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஃபேன் உறுமினால், இன்வெர்ட்டர் சதுர அலை ரகம். கரன்ட் வரும் வரை காப்பி குடிப்பதைத் தவிர அதற்கு நான் வேறு வழி கண்டதில்லை.

மூன்றாவது, சத்தம் இல்லை ஆனால் குரல் குளியலறையில் பேசியதுபோல முழங்குகிறது. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், நம் வீடுகளின் லட்சணம் இது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அது மெல்லிய காகிதம், எதையும் உறிஞ்சாது. துணி உறிஞ்சும். எங்கள் மாடி வீட்டில் நன்றாகப் பதிவாகும் இடம் படுக்கையறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள இரண்டடி. பீரோ கதவைத் திறந்துவைத்து, தொங்கும் சேலைகளைப் பார்த்துப் பேச வேண்டும். கட்டிலில் மெத்தை, பின்னால் இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது. பெரியம்மாவை இரண்டாம் முறை பதிந்தது அங்கேதான். "சேலை பத்திப் பேசறதுக்குச் சேலைக்கு முன்னாடியே உட்கார வெச்சிட்டியே" என்றார்.

டேப்லட்டை மைக் நிற்கும் அதே மேசையில் வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையைத் தொடும் ஒவ்வொரு தட்டும் மேசை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஸ்டாண்டுக்குக் கீழே நாலாக மடித்த துண்டு.

சில இடங்களில் கரகர, சில எழுத்துக்கு டொப்

கரகர என்பது கெயின் அதிகம். சாதாரணமாகப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே ஆடட்டும், சிரிக்கும்போதுகூட மைனஸ் 6ஐத் தாண்ட வேண்டாம். பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட குரலை ஒட்ட முடியாது. தாழ்வாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சோதனை செய்யும்போது எல்லோரும் பவ்யமாகத்தான் பேசுவார்கள். பேட்டி சூடு பிடித்தபிறகுதான் உண்மையான குரல் வரும். அதனால் சோதனையில் "காய்கறிக்காரரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, அந்தக் குரலுக்கு அளவு வைப்பேன்.

டொப் என்பது உதட்டுக் காற்று. "பாட்டி பழைய பானையைப் போட்டாள்" என்று பேசச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு பகரத்துக்கும் மைக்கில் காற்று மோதும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்துக்குத் தள்ளிச் சாய்த்து வைத்தால் போதும்.

வெளியூர் விருந்தாளியோடு அழைப்பில் பேசும்போது பதிய முடியவில்லை

டேப்லட்டில் பாட்காஸ்ட் செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் இது. ஜூமில் அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வாய்ஸ் மெமோஸைத் திறந்து ரெக்கார்டை அழுத்தினால், ஒன்று பதியாது, இல்லை பதிந்தது பாதியில் அறுந்துவிடும். மைக் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் என்பது ஐபேடின் பழைய சட்டம். ஜூமின் சொந்தப் பதிவை நம்பலாமா என்றால், அது இணையத்தில் நசுங்கி வந்த குரல். விருந்தாளியின் வீட்டு நெட் தடுமாறினால் பதிவும் தடுமாறும்.

ஐபேட்ஓஎஸ் 26இல் லோக்கல் கேப்சர் என்று ஒன்று சேர்த்தார்கள். அழைப்பு நடக்கும்போதே கன்ட்ரோல் சென்டரிலிருந்து அதைத் தொடங்கினால், உங்கள் மைக்கையும் கேமராவையும் மட்டும் உங்கள் ஐபேடிலேயே நல்ல தரத்தில் பதிந்து வைக்கும். எதிர்முனைக் குரல் அதில் விழாது, விழக்கூடாது என்பதுதான் நோக்கமே. விருந்தாளியும் தன் பக்கத்தில் அதையே செய்து கோப்பை அனுப்ப வேண்டும்.

புதிய ஓஎஸ் போட முடியாத டேப்லட்டில், அல்லது ஆண்ட்ராய்டில்? வீட்டில் இன்னொரு போன் இருக்கும். அழைப்பு டேப்லட்டில், பதிவு போனில். காலர் மைக்கைப் போனில் செருகிச் சட்டையில் குத்திக்கொண்டு, டேப்லட்டின் சத்தத்தை ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் விட்டால் விருந்தாளியின் குரல் உங்கள் பதிவிலும் ஏறி, பின்னால் இரண்டையும் சேர்க்கும்போது பேய்க்குரல்போல இரட்டையாகக் கேட்கும். விருந்தாளியிடமும் அவர் போனில் பதியச் சொல்லுங்கள். வயதானவர் என்றால் அவர் பேரனிடமோ பேத்தியிடமோ சொல்லுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

தொடக்கத்தில் இருவர் குரலும் பொருந்துகிறது, போகப் போக விலகுகிறது

தனித்தனிக் கருவியில் பதிந்தால் இது வரும். இரண்டு கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகும். கேள்வி முடியும் முன் பதில் வருவதுபோல் தோன்ற அது போதும். பதிவின் தொடக்கத்தில் இருவரும் மூன்று எண்ணி ஒன்றாகக் கைதட்டுங்கள், முடிவிலும் ஒரு முறை. தொடக்கத் தட்டலை ஒன்றாக வைத்து, முடிவுத் தட்டல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தால் விலகல் தெரிந்துவிடும். நடுவில் இருவரும் பேசாத இரண்டு மூன்று இடங்களில் வெட்டி, ஒரு ட்ராக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

விலகல் மணிக்குச் சில நிமிடங்கள் என்றிருந்தால், குரலும் தடித்தோ மெலிந்தோ கேட்டால், அது வேறு நோய். ஒருவர் 48,000இல் பதிந்தது 44,100ஆக ஓடுகிறது. ஒரு மணி நேரப் பேச்சு 65 நிமிடத்துக்கு இழுபடும். தாலாட்டுப் பாடியவர் ஒப்பாரி வைத்ததுபோல் இருக்கும். நல்லவேளை, குரல் எதுவும் இழக்கப்படவில்லை. அந்தக் கோப்பைச் சரியான அளவில் மறுபடி மாற்றி எடுத்தால் போதும். கராஜ்பேண்ட் 44,100இல்தான் வேலை செய்யும் என்பதால் அங்கே போவதற்கு முன்பே எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுவது நல்லது.

பேச்சு சரி, பாட்டு வந்தால் அழிந்துபோகிறது

நாட்டுப்புறப் பாட்டுக்காரர், பறை வாசிப்பவர் யாராவது விருந்தாளியாக வந்தால் தெரியும். அழைப்புச் செயலிகளில் உள்ள இரைச்சல் நீக்கி, மனிதப் பேச்சு அல்லாததை எல்லாம் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடும். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்பதைத் திறந்துவிடுங்கள். ஐபேடின் கன்ட்ரோல் சென்டரில் மைக் மோட் வாய்ஸ் ஐசொலேஷனில் இருந்தால் ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். பறைக்கு இதெல்லாம் செய்தாலும் அழைப்பு வழியாக நியாயம் கிடைக்காது. அங்கேயே ஒரு போனில் பதியச் சொல்லி வாங்குங்கள்.

நடுவில் அறுந்துவிட்டது

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அதற்கு வரும் அழைப்பு ஐபேடிலும் ஒலிக்கும், பதிவையும் நிறுத்திவிடும். ஐபோன் அழைப்புகள் மற்றக் கருவிகளில் வரும் வசதியைச் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். நேரில் பதியும்போது ஏரோப்ளேன் மோடே போதும். ஆனால் அலாரம் அதையும் மீறி அடிக்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் திரை அணைந்ததும் பதிவு நின்றால், பேட்டரி மிச்சப்படுத்தும் ஏற்பாடு உங்கள் செயலியைத் தூங்க வைக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். சாம்சங் டேப்லட்டில் தூங்கவே கூடாத செயலிகள் என்று தனிப் பட்டியலே உண்டு.

இடம் தீர்ந்தும் அறுந்துபோகலாம். 48,000, 24 பிட், மோனோ என்றால் மணிக்குச் சுமார் 518 எம்பி. 64 ஜிபி ஐபேடில் பேரப்பிள்ளைகளின் வீடியோ போக மிச்சம் எவ்வளவு என்று பதியும் முன் பாருங்கள்.

ஏற்றிய பிறகு மற்ற பாட்காஸ்டைவிடச் சன்னமாகக் கேட்கிறது

வால்யூமைக் கண்ணால் பார்த்து ஏற்றியிருப்பீர்கள். உச்சியை அளப்பது வேறு, காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறது என்று அளப்பது வேறு. இரண்டாவதன் அலகு எல்யூஎஃப்எஸ். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது மைனஸ் 16, ஒன்று முன்னேபின்னே இருக்கலாம். உச்சி மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஃபெரைட் ஏற்றுமதி செய்யும்போதே அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பேச்சு மட்டும் என்றால் மோனோ 64 கிலோபிட் எம்பி3 தாராளம். ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும், பேருந்தில் கேட்பவரின் டேட்டாவும் மிஞ்சும்.

பதிவே காணோம்

வாய்ஸ் மெமோஸில் அழித்தது என்றால் ரீசென்ட்லி டெலீட்டட் என்ற கூடையில் 30 நாள் வரை கிடக்கும். பதறாமல் அங்கே பாருங்கள்.

இடம் போதவில்லை என்று செயலியையே நீக்கிவிட்டீர்களா? ஐபேடுக்குள் மட்டும் சேமித்திருந்த பதிவுகள் செயலியோடு போய்விடும். எனக்கு ஒரு திருவிழாப் பதிவு அப்படிப் போயிற்று. செட்டிங்ஸில் ஐபேட் ஸ்டோரேஜுக்குள் ஆஃப்லோட் என்று தனியாக ஒன்று உண்டு. அது செயலியை மட்டும் எடுத்துவிட்டுக் கோப்புகளை விட்டுவைக்கும். 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13இலிருந்து பென்டிரைவை நேராகச் செருகி ஃபைல்ஸ் செயலியில் நகலெடுக்கலாம். நான் விருந்தாளி செருப்பு மாட்டுவதற்குள் அதைச் செய்துவிடுவேன். நகலைத் திறந்து முதல் நிமிடம், நடு நிமிடம், கடைசி நிமிடம் மூன்றையும் ஹெட்போனில் கேட்டபிறகுதான் அவரை வாசல்வரை கொண்டு போய் விடுவது. சரியில்லை என்றால் இன்னொரு காப்பி போட்டு உட்கார வைக்கலாமே.